பதின்மூன்று வயதுக் கைக்கு எத்தனை கிலோ வட்டு? இளையோர் தடகளப் போட்டி நடத்துவோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வட்டு எறிதலில் பயிற்சி கொடுப்பவர்களும், போட்டி நாளில் சர்க்கிள் (எறிபவர் நின்று சுழலும் வட்டம்) ஓரம், செல்லும் எறிதலுக்கு வெள்ளைக் கொடியும் ஃபவுலுக்குச் சிவப்புக் கொடியுமாக நிற்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இளையோர் போட்டிகளை நடத்தும் சங்கங்களிடமும், பிள்ளைகளை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்து வரும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் கையில் கனமான வட்டைத் திணிக்காதீர்கள். அந்த வயதில் டேப் காட்டும் தூரத்தை வைத்து அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

அமெரிக்க வட்டு எறி வீரர் ஆல் ஓர்ட்டரின் கணக்கைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரராக இருந்து வட்டுக்கு வந்தவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 56.36 மீட்டர் எறிந்து தங்கம் வென்றபோது அவருக்கு வயது 20. 1960 ரோமில் 59.18, 1964 டோக்கியோவில் 61.00, 1968 மெக்சிகோ சிட்டியில் 64.78. நான்கு ஒலிம்பிக், நான்கும் தங்கம். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் ஏறிய தூரம் 8 மீட்டர் 42 சென்டிமீட்டர். வருஷத்துக்குச் சுமார் 70 சென்டிமீட்டர். பதினான்கு வயதுப் பையன் ஒரே வருஷத்தில் ஆறேழு மீட்டர் கூட்டுவது சகஜம். அவன் உயரம் கூடுகிறது, கை நீள்கிறது, தோள் அகலமாகிறது, தூரமும் தானாகக் கூடுகிறது. அதைப் பயிற்சியின் பலன் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உடம்பு வளர்வது நின்ற பிறகு தூரத்தைக் கூட்டக்கூடியது நுட்பமும் அதன் மேல் கட்டிய வலுவும் மட்டுமே. சின்ன வயதில் நுட்பம் படியாத பிள்ளை பதினெட்டு வயதில் அப்படியே நின்றுபோவதற்குக் காரணம் இதுதான்.

டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற வேலரி ஆல்மன் நடனம் பயின்றவர். உயர்நிலைப் பள்ளியில்தான் வட்டைக் கையில் எடுத்தார். ஒற்றைக் காலின் முன்பாதத்தில் சமநிலை குலையாமல் சுழல்வது நடனக்காரருக்குப் பழகிய வேலை. வட்டு எறிதலில் பிள்ளைகள் முதலில் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

மூன்றாவதாக லிதுவேனியாவின் மிக்கோலஸ் அலெக்னா. தந்தை விர்ஜிலியஸ் அலெக்னா 2000-லும் 2004-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். மகன் 2021-ல் நைரோபியில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 1.75 கிலோ வட்டை 69.81 மீட்டர் எறிந்து வென்றார். அடுத்த ஆண்டு யூஜீன் உலகப் போட்டியில் பெரியவர்களின் 2 கிலோ வட்டில் 69.27 எறிந்து வெள்ளி வாங்கினார். கால் கிலோ கூடியும் இழந்தது வெறும் 54 சென்டிமீட்டர். லேசான வட்டில் நுட்பம் முழுமையாகப் படிந்திருந்தால் கனம் கூடுவது இவ்வளவு எளிதாகக் கடந்துபோகும். 2024-ல் 74.35, 2025-ல் 75.56 என்று அவர் படைத்த உலக சாதனைகள் அந்த அடித்தளத்தின் மேல் வந்தவை.

இப்போது எடைக்கு வருவோம். ஆண்கள் பிரிவில் பெரியவர்களுக்கு 2 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 1.75, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 1.5. பெண்களுக்கு 18 வயதுக்கு உட்பட்ட பிரிவிலிருந்து கடைசி வரை 1 கிலோ. இவை சர்வதேச விதி. இதற்கும் கீழே உள்ள வயதுகளில் சங்கத்துக்குச் சங்கம், பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிச் சாமான் அறையில் இருப்பது ஒரு 2 கிலோ வட்டும் ஒரு 1.5 கிலோ வட்டும் என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதுதான் கிடைக்கிறது. "கனமானதில் பழகினால் லேசானது பறக்கும்" என்ற நம்பிக்கை வேறு சேர்ந்துகொள்கிறது.

நடப்பது வேறு. எடை மட்டும் கூடுவதில்லை, வட்டின் குறுக்களவும் கூடுகிறது. 1 கிலோ வட்டுக்கு 18 சென்டிமீட்டர், 1.5 கிலோவுக்கு 20, 2 கிலோவுக்கு 22. சின்னக் கையின் விரல் நுனிகள் பெரிய வட்டின் விளிம்பைச் சரியாகப் பற்றாது. வட்டு நழுவிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கும், இல்லையென்றால் உள்ளங்கையை மேலே திருப்பித் தட்டு ஏந்துவதுபோல ஏந்தும். சுழலும்போது கனம் தோளை இழுப்பதால் முழங்கை மடங்கும். உடம்பு வட்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும். வட்டு இடுப்புக்குப் பின்னால் தங்கவேண்டிய நேரத்தில் முன்னால் வந்துவிடும். இத்தனையும் மூன்று மாதத்தில் பழக்கமாகிவிடும். அதை மாற்ற மூன்று வருஷம் ஆகிறது, சிலரிடம் மாறுவதே இல்லை.

எங்கள் பரிந்துரை இது. பதின்மூன்று வயது வரை பெண் பிள்ளைகளுக்கு 750 கிராம், ஆண் பிள்ளைகளுக்கு 750 கிராம் அல்லது 1 கிலோ. ஆண் பிள்ளைகள் 1 கிலோவிலிருந்து 1.5-க்குப் போவது ஒரே தாவலில் பாதி எடை கூடுவது. நடுவில் ஓர் ஆண்டு பயிற்சியில் 1.25 கிலோ வட்டைக் கொடுங்கள். எடை மாறும் பருவத்தில் தூரம் கட்டாயம் குறையும். இதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாததால் "போன வருஷத்தைவிடக் குறைந்துவிட்டான்" என்று மனம் விட்டு, நன்றாக எறிந்துகொண்டிருந்தவர்களே ஒதுங்கிவிடுகிறார்கள்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு வட்டுகளில் ஒன்றில் கனம் நடுவில் இருக்கும், மற்றதில் விளிம்பில் இருக்கும். விளிம்பில் கனம் கூடிய வட்டு விலையும் கூடுதல், தேர்ந்த கைக்குத் தூரமும் கூடுதல். காற்றில் தன் சுழற்சியை நீண்ட நேரம் காப்பாற்றிக்கொள்ளும் என்பதுதான் காரணம். ஆனால் அதைச் சுழற்றிவிடுவது கடினம். விரலில் வேகம் வராத பிள்ளை எறிந்தால் அது தள்ளாடிக் கவிழ்ந்து விழும். தொடக்கக்காரர்களுக்கு நடுவில் கனம் உள்ளது அல்லது ரப்பர் வட்டே நல்லது. நல்ல சாமான் வாங்கிக் கொடுக்கிறோம் என்று நினைத்து விளிம்புக் கனமுள்ளதை வாங்காதீர்கள்.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வலது கைக்காரரை வைத்துச் சொல்கிறோம், இடது கைக்கு எல்லாவற்றையும் திருப்பிக்கொள்ளுங்கள். வட்டின் விளிம்பு நான்கு விரல்களின் கடைசி மூட்டில், நகத்துக்கு நேர் கீழே உள்ள சதையில் உட்காரவேண்டும். விரல்களுக்கு நடுவில் சிறிது இடைவெளி. கட்டைவிரல் வட்டின் மேல் சும்மா படுத்திருக்கும், அதற்கு வேலையே இல்லை. கையைத் தொங்கவிட்டால் வட்டு விழப்போவதுபோலத்தான் இருக்கும். கையை வீசத் தொடங்கியதும் சுழற்சி விசையே வட்டை விரல்களோடு ஒட்டவைத்துவிடும். இதை நம்புவதற்குப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எறியச் சொல்லாதீர்கள்.

எறிவதற்கு முன் உருட்டவேண்டும். தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, முழங்காலைச் சற்று மடக்கி நின்று, வட்டைக் கோட்டின் மேல் பத்து பதினைந்து மீட்டர் உருட்டச் சொல்லுங்கள். வட்டு சுண்டுவிரல் பக்கத்திலிருந்து விரல் விரலாகக் கடந்து, கடைசியில் ஆள்காட்டி விரலைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். அப்படிப் போனால் கோட்டிலேயே நேராக ஓடும். கோட்டைவிட்டு வளைந்தால் மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. கிளம்பும்போதே ஆடினால் கட்டைவிரல் பிடித்து இழுத்திருக்கிறது. பின்னால் எறியும்போது, மேலிருந்து பார்த்தால் வலது கைக்காரரின் வட்டு கடிகார முள் திசையில் சுழன்று போகவேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால் அது சுண்டுவிரல் வழியாக வெளியேறியிருக்கிறது. முதல் மாதத்தில் ஒவ்வொரு பயிற்சியையும் இருபது உருட்டலோடு தொடங்குங்கள். இதைத் தாண்டி அவசரப்பட்டவர்களின் வட்டுதான் பின்னாளில் காற்றில் ஆடுகிறது.

அடுத்தது நின்ற இடத்திலிருந்து எறிவது. இடது தோள் எறியும் திசையைப் பார்க்க, கால்கள் தோளைவிடச் சற்று அகலமாக, உடல் எடை வலது காலில். எங்கள் ஆட்கள் பவர் பொசிஷன் என்று சொல்வது இந்த நிலையைத்தான். வலது பாதம் திரும்பும், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, அப்புறம் மார்பு, கடைசியாகக் கை. பிள்ளைகள் கையில் ஆரம்பிப்பார்கள். கை முந்தினால் இடுப்புக்கும் கால்களுக்கும் வேலை இருக்காது. இரண்டு பாதமும் தரையைவிட்டு எழாமல் எறியும் பழக்கம் ஒரு பருவம் முழுக்க இருக்கட்டும். எறிந்த பிறகு கால் மாற்றிக் குதிப்பதைப் பெரிய வீரர்களைப் பார்த்துச் செய்வார்கள். தரையை உந்தக் கற்காமல் குதித்தால் உந்து விசை பாதியில் அறுந்துபோகும்.

அதன் பிறகு ஓர் அடி வைத்து எறிவது, எறியும் திசையைப் பார்த்து நின்று பாதிச் சுழற்சியில் எறிவது, கடைசியாக முழுச் சுழற்சி. முழுச் சுழற்சிக்கு வர ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு முப்பது எறிதல் போதும். அதில் இருபது நின்ற இடத்திலிருந்தோ பாதிச் சுழற்சியிலோ இருக்கட்டும். வட்டு இல்லாமல் சுழன்று பழகுவதற்குக் கணக்கு வேண்டாம், எவ்வளவு செய்தாலும் நல்லது.

முழுச் சுழற்சியில் தவறு எங்கே நடக்கிறது என்று கேட்டால், பத்தில் ஏழு பேருக்குச் சுழற்சி தொடங்கும் இடத்திலேயே. சர்க்கிளின் பின் விளிம்பில் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கும் பிள்ளை, எடையை இடது காலுக்கு முழுதாக மாற்றுவதற்கு முன்பே தலையையும் இடது தோளையும் நடுவை நோக்கிச் சாய்த்துவிடும். அங்கிருந்து அது சுழலவில்லை, விழுகிறது. விழுகிறவர் வலது காலை எட்டிப் போட்டுத்தான் நிற்கமுடியும். அந்தக் கால் நடுவைத் தாண்டி இறங்கும், இடது கால் தாமதமாக வரும், அதற்குள் வட்டு முன்னால் வந்திருக்கும். கடைசியில் சர்க்கிளுக்கு வெளியே ஒரு அடி, சிவப்புக் கொடி. ஆசிரியர் "கடைசியில் கண்ட்ரோல் பண்ணு" என்று கத்துவார். கடைசியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை, தவறு ஒரு விநாடிக்கு முன்பே முடிந்துவிட்டது. இடது முழங்காலும் இடது தோளும் இடது முன்பாதத்துக்கு நேர் மேலே வந்த பிறகே வலது பாதம் தரையைவிட வேண்டும். இது ஒன்றை மட்டும் ஒரு மாதம் வட்டில்லாமல் செய்யவைத்தால் ஃபவுல் பாதியாகக் குறையும்.

கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கஷ்டம். செல்போனில் ஸ்லோ மோஷனை விநாடிக்கு 120 ஃபிரேமில் வைத்து, கேஜுக்கு (சர்க்கிளைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வலைக் கூண்டு) வெளியே பக்கவாட்டில் இருந்து எடுங்கள். இரண்டு ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தால் போதும். வலது பாதம் நடுவில் இறங்கும் கணத்தில் வட்டு எங்கே? இடது பாதம் முன்னால் இறங்கும் கணத்தில் எங்கே? இரண்டிலும் வட்டு இடுப்புக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும். வலது பாதம் இறங்கியதற்கும் இடது பாதம் இறங்கியதற்கும் நடுவில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். மாதாமாதம் அந்த எண்ணிக்கை குறைந்துவந்தால், தூரம் கூடாவிட்டாலும் பிள்ளை முன்னேறுகிறது. இந்த எண்ணைத்தான் பயிற்சி நோட்டில் தூரத்துக்குப் பக்கத்தில் எழுதச் சொல்கிறோம்.

வட்டு போகும் பக்கமும் செய்தி சொல்லும். வலது கைக்காரர் சீக்கிரம் விட்டால் வலப்பக்கம் போகும், தாமதமாக விட்டால் இடப்பக்க வலையில் அடிக்கும்.

தூரத்தை ஏன் அவ்வளவு நம்பவேண்டாம் என்கிறோம் என்றால், காற்றும் ஒரு காரணம். 200 மீட்டர் வரையான ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் சாதனைக்குக் காற்றின் வேகத்துக்கு வரம்பு உண்டு. வட்டு எறிதலில் கிடையாது. வட்டு இறக்கைபோலக் காற்றின் மேல் மிதக்கிறது. எதிர்க்காற்று, அதுவும் வலது கைக்காரருக்கு முன்புறம் வலப்பக்கமிருந்து வரும் காற்று, அதைத் தூக்கிப் பிடிக்கும். பின்னாலிருந்து வரும் காற்று கீழே அழுத்தும். மேலே சொன்ன அலெக்னாவின் இரண்டு உலக சாதனைகளும் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் காற்றுக்குப் பேர்போன ரமோனா மைதானத்தில் வந்தவை. அவர் திறமையை இது சற்றும் குறைக்காது. காற்று நன்றாக வீசியும் முகப்பைச் சரியான கோணத்தில் வைக்கத் தெரியாதவர் வட்டு கவிழ்ந்துதான் விழும். ஆனால் ஒரு பள்ளி மைதானத்தில் எறிந்த 38 மீட்டரையும் இன்னொரு மைதானத்தில் எறிந்த 36 மீட்டரையும் பக்கத்தில் வைத்து அணி தேர்வு செய்வது நியாயமில்லை. முடிவுத் தாளில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று ஒரு வரி எழுதினாலே பெரிய உதவி.

சர்க்கிளின் தரையைப் பற்றி. குறுக்களவு 2.50 மீட்டர் என்பதை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள், மேற்பரப்பைக் கவனிப்பதில்லை. சிமெண்ட் வழவழப்பாக இருந்தால் தூசி படிந்ததும் வழுக்கும். சொரசொரப்பு கூடிவிட்டால் பாதம் திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். அடியில் பள்ளம் பள்ளமாக உள்ள ஓட்டக் காலணி போட்டு எறிந்தாலும் இதேதான் நடக்கும். அடிப்பாகம் தட்டையான காலணி வேண்டும், இல்லையென்றால் வெறுங்காலோடு எறிய விதியில் தடை இல்லை. பயிற்சிக்கு முன் சர்க்கிளைப் பெருக்குவது ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

எல்லைக் கோடுகளுக்கு 34.92 டிகிரி என்று விதிப் புத்தகம் சொல்லும். கோணமானி தேடவேண்டாம். சர்க்கிளின் மையத்திலிருந்து 20 மீட்டரில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சரியாக 12 மீட்டர் இருந்தால் கோணம் சரி.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. காத்திருப்பவர்கள் கேஜுக்குப் பின்னால், வலையைத் தொடாமல் நிற்கவேண்டும். வட்டு மோதும்போது வலை வெளிப்பக்கம் புடைக்கும், தொட்டு நிற்பவரின் முகத்தில் அடிக்கும். வலையின் அடிப்பகுதி தரையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வட்டு அடியில் புகுந்து வெளியேறும். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எல்லோரும் சேர்ந்து பொறுக்கப் போகவேண்டும். வட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவரவேண்டும், ஒருபோதும் திருப்பி எறியக்கூடாது. ஈரப் புல்லில் விழும் வட்டு நிற்காமல் சறுக்கிக்கொண்டு வரும், அதைக் காலால் நிறுத்தப் போகிற பிள்ளைகளின் கணுக்கால் உடைந்துபோகும்.

போட்டி நடத்துவோரிடம் சில வேண்டுகோள்கள். போட்டி அறிவிப்பிலேயே ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் வட்டின் எடையைக் கிராமில் அச்சிடுங்கள். போட்டிக்கு முன் எல்லா வட்டுகளையும் தராசில் வையுங்கள். மரத் தகடு ஈரம் குடித்துக் கனப்பதும், விளிம்பு தேய்ந்து எடை குறைவதும் உண்டு. விளிம்பில் பிசிறு இருந்தால் விரலைக் கிழிக்கும், அந்த வட்டை ஒதுக்கிவிடுங்கள். பெரியவர்கள் போட்டியில் மூன்று வாய்ப்புக்குப் பிறகு எட்டுப் பேர் மட்டும் மேலே போவது சரி. பதினான்கு வயதுக்குக் கீழே அந்த முறை வேண்டாம், வந்த எல்லோருக்கும் நான்கு வாய்ப்பாவது கொடுங்கள். மூன்றும் ஃபவுலாகி ஒரு தூரம்கூட இல்லாமல் வீடு போகிற பிள்ளை அடுத்த முறை சுழற்சியை விட்டுவிட்டு நின்றே எறியும். அந்தப் பிரிவில் நின்ற இடத்திலிருந்து எறியத் தனியாக ஒரு போட்டியும் வைத்தால் நுட்பத்துக்கே பரிசு போய்ச் சேரும். எறிந்த பிறகு சர்க்கிளின் பின்பாதி வழியாகத்தான் வெளியேறவேண்டும் என்ற விதியைப் போட்டிக்கு முன் ஒரு தடவை செய்து காட்டுங்கள். நன்றாக எறிந்த உற்சாகத்தில் முன்பக்கம் ஓடி ஃபவுலாகும் பிள்ளைக்குச் சிவப்புக் கொடி தூக்குவதுபோல எங்களுக்கு வேதனை தரும் வேலை வேறில்லை.

வலியைப் பற்றி. வளரும் எலும்பில் திரும்பத் திரும்ப முறுக்கும் பின்வளைவும் விழுவதால் கீழ் முதுகில் வலி வரும். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் எறிதலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்துவிட்டுப் போட்டியில் இறக்காதீர்கள். அங்கே முதுகெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். ஊக்கமருந்துச் சோதனை உள்ள போட்டிக்குப் போகிறவர்கள் சளி மாத்திரையைக்கூடக் கேட்டுத்தான் போடவேண்டும். அவற்றில் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் ஓர் அளவுக்கு மேல் உடலில் இருந்தால் குற்றம்.

அடுத்த பருவத்துக்கான போட்டி அறிவிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் வயதுவாரி எடைப் பட்டியலை ஒரு முறை எங்களோடு உட்கார்ந்து பாருங்கள். தராசையும் டேப்பையும் நாங்களே எடுத்துவருகிறோம். சாமான் அறையில் இருக்கும் வட்டுகளை எடை போட்டு, எது எந்த வயதுக்கு என்று பெயிண்டால் எழுதிவைக்க ஒரு காலை நேரம் போதும்.

இப்படிக்கு,
வட்டு எறிதல் பயிற்றுநர்களும் களநடுவர்களும்